வலையை அறுத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகத்தின் பொறுப்பில் இருக்கும் வனத்துறை, மீன்வளத் துறை உயர் அலுவலர்களுக்கு,

சென்ற புதன்கிழமை மாலை எங்கள் குப்பத்துக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் என்பதால் நாட்டுப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். பூவரச மரத்தடியில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடல்பசுவை வலையில் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், வலையும் படகும் பறிமுதல். இதையே மூன்று முறை சொல்லிவிட்டு ஆட்டோ அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்து, "தெரியாமல் மாட்டிக்கொண்டால்கூடவா டீச்சர்?" என்று கேட்டார். அவருடைய இரண்டு மகன்களும் திருக்கை வலை விடுகிறவர்கள். அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் அந்த ஒலிபெருக்கியில் வரவில்லை. அந்தப் பதிலை உங்களிடமிருந்து எழுத்தில் வாங்குவதற்காகத்தான் இந்த மடல்.

நான் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் பிறந்தவள். பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே வந்தால் கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்கள் முடிந்து, தென்னந்தோப்புகள் முடிந்து, உப்பங்காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் எங்கள் ஊர். அப்பா கடலுக்குப் போனவர். அண்ணன் இப்போதும் போகிறார். நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். கடல்பசுவை நாங்கள் ஆவுளியா என்போம். இந்த மடலிலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆவுளியாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருப்பது சரி. எங்கள் தாத்தா காலத்தில் ஆவுளியா இறைச்சி கரைக்கு வந்ததையும், பங்கு போட்டு வாங்கிப் போனதையும் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் நின்றுபோனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2022 செப்டம்பர் 21 அன்று அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தபோது நான் மகிழ்ந்தேன். வகுப்பில் பிள்ளைகளை ஆவுளியா படம் வரையச் சொன்னேன். வால் மீனுக்கு இருப்பதுபோல நெட்டுக்குத்தாக இருக்காது, படுக்கை வாட்டில் இருக்கும் என்று ஒரு பையன் என்னைத் திருத்தினான். அவன் அதைப் படகிலிருந்து பார்த்தவன்.

இனி, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் மாசி மாதம். அண்ணனும் அவருடைய கூட்டாளியும் பொழுது சாயும் நேரத்தில் மூன்று பாகத் தண்ணீரில் (ஒரு பாகம் ஏறத்தாழ ஓர் ஆள் ஆழம்) திருக்கை வலை விட்டுவிட்டு, ஃபைபர் படகிலேயே கண் அசந்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் வலையை இழுத்தபோது கனம் தாங்கவில்லை. மிதவை இரண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. பெரிய திருக்கை என்று நினைத்து இழுத்திருக்கிறார்கள். அப்போது படகின் ஓரத்திலேயே மாடு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஆவுளியா. ஆள் நீளத்தைவிடப் பெரியது, முன் துடுப்பிலும் வாலிலும் வலை சுற்றிக்கொண்டு. அதன் முதுகை ஒட்டிக் குட்டி ஒன்று சுற்றிச் சுற்றி வந்ததாம்.

ஆவுளியா மீன் இல்லை. நான்கைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை வெளியே நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும். வலை அதைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்தால் அது மூழ்கித்தான் சாகும். அண்ணனுக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. கூட்டாளி விளிம்பில் படுத்து அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொள்ள, அண்ணன் இறங்கி மீன் அறுக்கும் கத்தியால் வலையை அறுத்திருக்கிறார். மாசி மாதக் குளிர், இருட்டு, முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி மிரண்டு வாலை அடிக்கிறது. கால் மணி நேரம். கடைசிக் கண்ணி அறுந்ததும் தாயும் குட்டியும் ஒன்றாகப் போனதை இரண்டு பேரும் பார்த்தார்கள். கரைக்கு வந்தபோது அண்ணனின் வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலையில் பாதி இல்லை. அந்த வலையின் விலை 22,000 ரூபாய், அதுவும் வியாபாரியிடம் முன்பணமாக வாங்கியது. முன்பணம் வாங்கியவர் பிடிக்கும் மீனை அந்த வியாபாரியிடமே, அவர் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். அந்தக் கடன் இன்னும் முடியவில்லை.

ஊரில் எல்லோரும் சொன்னதால் மனு எழுதினோம். நான்தான் எழுதினேன். எந்த அலுவலகத்துக்கு என்று இங்கே குறிப்பிடவில்லை. ஒருவரைத் தண்டிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. முதல் முறை போனபோது, விடுவித்த நேரத்தில் எடுத்த படம் எங்கே என்று கேட்டார்கள். இரண்டாம் முறை, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை ஊராட்சியின் சான்று. ஒவ்வொரு முறையும் அண்ணன் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு பஸ் ஏறினார். ஆறாவது முறை, விடுவித்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனுவைத் திருப்பித் தந்தார்கள். அதற்கு முன்பே ஒருவர், "உன் வலையில் ஏன் மாட்டியது?" என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு ஏழாவது முறை போக அண்ணன் மறுத்துவிட்டார். கை இரண்டும் ஆவுளியாவைப் பிடித்திருந்தபோது போனை யார் பிடிப்பது என்று அவர் என்னிடம்தான் கேட்டார்.

சில ஊர்களில் ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு வெகுமதி கொடுத்துச் சான்றிதழும் வழங்கியிருக்கிறீர்கள். அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெகுமதி மனம் இருந்தால் தருவது. அறுந்த வலையின் விலை அப்படி இருக்கக் கூடாது. மலையடிவாரத்தில் யானை மிதித்த பயிருக்கு அரசு இழப்பீடு தருகிறது. மகாராஷ்டிரத்தில், பாதுகாக்கப்பட்ட கடல் உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டத்தை 2018ஆம் ஆண்டின் இறுதியிலேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்த வருடம் தை மாதம் நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். யார், எந்த ஊர் என்று நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஒருவருடைய வலையில் ஆவுளியா செத்த நிலையில் வந்தது. இளசு. அவர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லவில்லை. அண்ணனின் ஆறு பஸ் பயணங்களும் அவருக்குத் தெரியும். கடற்கரையில் ஒதுங்கிய ஆவுளியாவைப் பார்த்துப் போன் செய்த ஒரு பெரியவரை இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்ததும் அவருக்குத் தெரியும். கல்லைக் கட்டிக் கடலிலேயே இறக்கிவிட்டார். என்னிடம் சொல்லும்போது அவர் அழுதார். அறுபது வயது மனிதர்.

நாட்டின் கடல்களில் மிஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் இருநூற்றுச் சொச்சம் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி இந்த விரிகுடாவில்தான். எங்கள் கரையில் கல் கட்டி இறக்கப்படுபவை உங்கள் கணக்கில் இல்லை. எந்த வலையில், எந்த மாதத்தில், எத்தனை பாகத்தில் அவை சாகின்றன என்பது தெரியாமல் நீங்கள் எப்படிக் காப்பாற்றுவீர்கள்? அதைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊர் ஆண்கள் மட்டுமே. அவர்கள் வாயைத்தான் அந்த ஆட்டோ அடைத்துவிட்டுப் போனது.

ஆவுளியாவை இழப்பது மத்தி மீனை இழப்பதுபோல இல்லை. அது எழுபது வயது வரை வாழக்கூடியது. சினைக்காலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருட இடைவெளி. குட்டி ஒன்றரை வருடம் வரை தாயின் பால் குடிக்கும். பசு வளர்ப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தாய் போனால் கூடவே குட்டியும் போய்விடும், அடுத்த பத்து வருடத்துக் குட்டிகளும் போய்விடும்.

சட்டத்தையே எடுத்துப் படித்தேன். பாதுகாப்பகத்துக்கு எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்று 36அ பிரிவு சொல்கிறது. அதில் 27ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் ஒன்று. வன விலங்கு இறந்தால் அங்கு வசிக்கும் ஒவ்வொருவரும் தெரிவிக்க வேண்டும், அதிகாரி வந்து பொறுப்பேற்கும் வரை உடலைக் காக்க வேண்டும் என்கிறது அது. தகவல் சொல்வதை ஒரு கடமையாகவே சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, தகவல் சொன்னவரைச் சந்தேகத்துக்குரியவராக நடத்துவது சட்டத்துக்கே எதிரானது என்பது என் வாதம். வேண்டுமென்றே பிடிப்பவரையும் வலையில் கண்டதும் அறுத்து விடுபவரையும் அந்த அறிவிப்பு ஒரே தட்டில் வைத்தது.

36ஆ பிரிவு நிர்வாகக் குழுவைப் பற்றியது. வனத்துறைப் பிரதிநிதி, ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண்மைத் துறையிலிருந்தும் கால்நடைத் துறையிலிருந்தும் ஒவ்வொருவர். மீன்வளத் துறைக்கு அதில் இடம் இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. நிலத்தை மனதில் வைத்து எழுதிய பிரிவு என்பது புரிகிறது. ஆனால் நம்முடைய பாதுகாப்பகம் முழுவதும் கடல். ஊராட்சிப் பிரதிநிதி வரலாம் என்று சொல்வீர்கள். எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் உள்ளே இருக்கும் விவசாயக் கிராமங்களும் சேர்ந்திருக்கின்றன. பிரதிநிதி நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருக்கு வாடைக் காற்றுக்கும் சோழகக் காற்றுக்கும் நீரோட்டம் எப்படி மாறும் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் குப்பத்திலிருந்து இதுவரை ஒருவரையும் எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைத்ததில்லை. விழிப்புணர்வு நிகழ்ச்சிகளுக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் கேட்பவர்களாகத்தான் உட்கார்ந்தோம்.

இன்னொன்று, கடலடியில் புல்லாக வளரும் தாழை. ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடல்தாழை மேய்கிறது. தெளிந்த ஆழமில்லாத தண்ணீரில், வெயில் தரை வரை இறங்கும் இடத்தில்தான் அந்தப் புல் வளரும். எங்கள் நண்டும் இறாலும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்குவதும் அதற்குள்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் வலையிலிருந்து நண்டைக் கழற்றி ஜீவனம் செய்கிறவர்கள். தாழை போனால் ஆவுளியாவுக்கு முன்னால் எங்கள் அடுப்புதான் அணையும். விசைப்படகுகள் போன மறுநாள் காலையில் எங்கள் கரைக்கு வந்து பாருங்கள். வேரோடு பிடுங்கிய தாழை குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும். காற்றில் உதிர்ந்த இலையும், விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலையான இழுவைமடி பிடுங்கிய வேரும் எங்களுக்கு வேறுபடுத்தத் தெரியும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டு விதி இருக்கிறது. இரவில் அவற்றின் விளக்கை நாங்கள் வாசலில் நின்றே பார்க்கிறோம். விசைப்படகுத் தொழிலாளர்களும் எங்கள் உறவுக்காரர்கள்தான், கஜா புயலில் அவர்களும் எல்லாம் இழந்தவர்கள்தான். அவர்களைப் பகைத்து நான் எழுதவில்லை. நாட்டுப்படகுக்காரர் மீது வழக்கைச் சொல்லிப் பயமுறுத்தும் அலுவலகம், தாழை மேல் ஓடும் மடியைப் பார்க்காமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இறால் பண்ணைகளிலிருந்து வாய்க்கால் வழியே இறங்கும் கழிவு நீரும் இதே தாழை மேல்தான் போய்ப் படிகிறது.

எங்கள் பங்கும் இருக்கிறது. ஆவுளியா மூழ்கிச் சாவது அதிகமும் எங்கள் வலைகளில்தான். அகலக் கண்ணித் திருக்கை வலை தாழைக்குள் இரவு முழுவதும் கிடந்தால் ஆபத்து என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஆவுளியா எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மேய வரும் என்பதும் தெரியும். அந்த மாதங்களில் அந்த இடங்களில் திருக்கை வலை விடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுக்க எங்கள் ஊரில் பலர் தயாராக இருக்கிறார்கள். அண்ணனும் ஒருவர். ஆனால் அந்த முடிவை எங்களோடு உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

மனோராவில் 40 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் அமைக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சரபோஜி மன்னர் கட்டிய கோபுரத்துக்குப் பக்கத்தில் அது வரட்டும். என் பிள்ளைகளை நானே கூட்டிப்போவேன். அந்தக் கட்டடத்தின் முதல் செங்கல் விழுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கேட்கிறேன்.

வலையில் உயிரோடு சிக்கிய ஆவுளியாவை விடுவித்தவர் மீதும், செத்து வந்ததை உடனே தெரிவித்தவர் மீதும் வழக்கோ பறிமுதலோ இருக்காது என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். வேண்டுமென்றே பிடித்தவருக்கு இந்தச் சலுகை கூடாது. அதை நாங்களே ஏற்க மாட்டோம். தகவல் சொன்னவருக்கு அன்றே ஒப்புகைச் சீட்டு கொடுங்கள்.

அறுந்த வலையின் இன்றைய விலையைப் பதினைந்து நாளுக்குள் கொடுங்கள். படம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கூடப் போனவரின் சாட்சியும், அறுந்த வலையும், ஊர்ப் பஞ்சாயத்தாரின் கையெழுத்தும் போதும் என்று விதி செய்யுங்கள். அண்ணனின் மனுவையும், அதுபோலத் திருப்பிய மற்ற மனுக்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

நிர்வாகக் குழுவில் மீன்வளத் துறை அலுவலரையும், ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் ஒரு நாட்டுப்படகு மீனவரையும், நண்டுத் தொழில் செய்யும் பெண்களில் ஒருவரையும் நிலையான அழைப்பாளர்களாகச் சேருங்கள். கூட்டத்தைத் திங்கள், புதன், சனி இந்த மூன்று நாட்களில் ஒன்றில் வையுங்கள். அன்றுதான் எங்கள் ஆட்கள் கரையில் இருப்பார்கள். எடுத்த முடிவைத் தமிழில் எழுதி மீன் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள்.

தாழை இருக்கும் இடங்களை எங்கள் ஆட்களை வைத்துக் குறித்து, அங்கே இழுவைமடி ஓடாமல் கடலிலேயே ரோந்து விடுங்கள். வாழ்விடத்தைக் காக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் 33ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. கழிவு நீர் இறங்கும் வாய்க்கால்களின் தண்ணீரை எடுத்துச் சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்லுங்கள்.

அந்த ஆட்டோவை இன்னொரு முறை அனுப்புங்கள். ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்துவிடுங்கள், வலைக்கு அரசு பணம் தரும், செத்து வந்தாலும் பயப்படாமல் சொல்லுங்கள் என்று அறிவித்து, இரவிலும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணையும் மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். ஒரு புதன்கிழமை மாலையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மீனவர் வீட்டு ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை